கத்திரிக்காரிக்கு ஒரு பொட்டு

என் நாத்தனார் ஸ்வர்ணலதாவுக்கு முப்பத்தைந்து வயது. அவளிடம் ஒரு பீரோ நிறையப் பொம்மை இருக்கிறது. இன்றைக்கு இதை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். போன வருஷம் வரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் இதைச் சொல்ல வாய் வராது. கல்யாண வீடுகளில் யாராவது, "ஸ்வர்ணம் இப்ப என்ன பண்ணுதா?" என்று கேட்டால், "கடைக் கணக்கெல்லாம் அவதான் பாக்கா" என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோல எழுந்து போய்விடுவேன். கணக்குப் பார்ப்பது பொய்யில்லை. மற்றதைச் சொல்ல வெட்கம். அவளுக்கும் வெட்கம், எங்களுக்கும் வெட்கம். ஒரு வீட்டில் நாலு பேர் சேர்ந்து ஒரு பீரோவுக்காக வெட்கப்பட்டோம் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

என் மாமனார் தனபாலன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து தி. நகரில் போட்ட கடை எங்களுடையது. உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் மேட்சிங் சென்டர். நீங்கள் புடவையைக் கொண்டுவந்து விரித்தால், அதற்குப் பொருந்துகிற நிறத்தில் பிளவுஸ் துணி, லைனிங், நூல் எல்லாம் எடுத்து வெட்டித் தருவோம். மாமாவுக்கு அந்தச் சந்தில் ஒரு பெயர் உண்டு. கைராசிக்காரர். முகூர்த்தப் புடவைக்கு பிளவுஸ் துணியை அவர் கையால்தான் வெட்ட வேண்டும் என்று மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் பெண்வீட்டுக்காரர்கள் தேடி வருவார்கள். அவர் அந்தப் பெரிய கறுப்புக் கத்திரியை எடுத்து, கண்ணை மூடி முருகனை நினைத்துக்கொண்டு, சர்ரென்று ஒரே இழுப்பில் வெட்டுவார். அந்த நேரத்தில் கடையில் நாங்கள் யாரும் பேச மாட்டோம்.

ஊரார் பெண்களுக்கெல்லாம் ராசியாக இருந்த அந்தக் கை, சொந்த மகள் விஷயத்தில் சறுக்கிவிட்டது. வேளச்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் மாப்பிள்ளை. மாமாவே அலைந்து தேடிப் பிடித்த வரன். கல்யாணமாகிப் போன புதிதில், சீர் சாமானை உறவுக்காரர்களுக்குக் காட்டுகிறேன் என்று மாமியார்க்காரி ஸ்வர்ணத்தின் சொந்தப் பெட்டியையும் சேர்த்துத் திறந்துவிட்டாள். பட்டுப் புடவைகளுக்கு அடியில், நீல முடியும் குட்டைப் பாவாடையுமாக ஜப்பான் பொம்மைகள். "உங்க மருமக குடும்பம் நடத்த வரல, விளையாட வந்திருக்கா" என்று யாரோ சொல்ல, ஹால் முழுக்கச் சிரித்ததாம். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் அந்தக் கல்யாணம் தலையெடுக்கவே இல்லை.

பேசி முடிக்கலாம் என்று நாங்கள் போனபோதும், "பொம்மை வச்சு விளையாடுற புள்ளைய எங்க தலையில கட்டிட்டீங்களே" என்று மாமா முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். என்னைக் கேட்டால், பொம்மை இல்லாவிட்டால் அவர்கள் வேறு எதையாவது பிடித்துத் தொங்கியிருப்பார்கள். அந்த வீட்டு லட்சணம் அப்படி. மாமா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. விவாகரத்தாகி மகள் திரும்பி வந்த அன்று, அசோக் நகர் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "அந்தச் சாமானை மட்டும் பீரோல வச்சுப் பூட்டிரும்மா. யார் கண்லயும் பட வேண்டாம்."

அவள் பூட்டினாள். பூட்டினாளே தவிர விடவில்லை. மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில், லைனிங் துணிக் கட்டின்மேல் போனைச் சாய்த்து வைத்து, இயர்போனை முடிக்குள் மறைத்துக்கொண்டு பார்ப்பாள். அனிமே என்று பெயர். அவர்கள் ஜப்பான் பாஷையில் பேசுவார்கள், கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும், இவள் இமைக்காமல் பார்ப்பாள். யாராவது படியேறினால் விரல் தானாகக் கால்குலேட்டருக்குத் தாவிவிடும். அதே மாதிரிக் கதைகள் புத்தகமாக வந்தால் அதற்கு மங்கா என்று பெயராம். எனக்கு முதலில் மாங்காய் என்றுதான் காதில் விழுந்தது. மாமாவுக்கு வேறு மாதிரி விழுந்திருக்கிறது. அவள் போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு ஒருநாள், "யாருட்டி அந்த மங்கா? கூடப் படிச்ச புள்ளையா?" என்றார். "ஆமாப்பா" என்று சொல்லிவிட்டாள் பாவி. அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு, "மங்கா நல்லாருக்காளா? அவளுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று அந்த மனுஷர் அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிடுவேன்.

கடையில் பல வருஷமாக வேலை பார்க்கும் ஷகீலாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். அந்தப் புத்தகங்கள் நமக்குப் பின்னட்டையாக இருக்கிற இடத்தில் ஆரம்பிக்கும். வலதிலிருந்து இடதாகப் படித்துக்கொண்டு போக வேண்டும். ஷகீலா ஒருநாள் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, நாங்க மதரசால ஓதுற மாதிரி பின்னாலேர்ந்து படிச்சிக்கினு கீற?" என்றாள். ஸ்வர்ணத்துக்கு முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. புத்தகத்தை மடியில் போட்டுத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். ஏதோ திருடிய மாதிரி. ஷகீலா அதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் அப்படித்தான், ஊர்க் கதையெல்லாம் பேசுவாள், உள்ளே வைக்க வேண்டியதை உள்ளே வைப்பாள்.

அப்போது இரண்டு மூன்று வருஷமாக ஸ்வர்ணம் உயிரை விட்டது ஒரே கதைக்கு. ஒரு துறைமுக ஊர். அங்கே மனிதர்களுடைய நிழல் கிழிந்துபோகிறது. நிழல் கிழிந்தவர்களை ஊர் ஒதுக்கி வைத்துவிடுகிறது. ஒரு பெண் பெரிய கத்திரியும் ஊசியுமாக வந்து, ஒவ்வொருவருக்காக நிழல் தைத்துக் கொடுக்கிறாள். அவளுக்கு மட்டும் சொந்தமாக நிழல் கிடையாது. வாயில் நுழையாத ஏதோ பெயர் அவளுக்கு. ஸ்வர்ணம் எனக்காக வைத்த பெயர் கத்திரிக்காரி. வாராவாரம் அந்தத் தொடரைப் பார்ப்பாள். புத்தகங்களை அடையாறில் ஒரு கடையில் சொல்லிவைத்து வாங்குவாள். படித்ததும் பீரோவுக்குள் போய்விடும். அந்தக் கத்திரிக்காரியைப் பொம்மையாகக் கொஞ்சம் பேருக்கு மட்டும் செய்து தருகிறோம் என்று ஜப்பான் கம்பெனி அறிவித்தபோது, முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தாள். பிரசவத்துக்குக் காத்திருப்பவள்கூட அவ்வளவு தடவை தேதி பார்க்க மாட்டாள்.

போன வருஷம் புரட்டாசியில் அது வந்து சேர்ந்தது. நேரத்தைப் பாருங்கள், அன்றைக்குக் கல்லாவில் மாமா. பார்சல் வரும்போதெல்லாம் இவள் 'பட்டன் சாம்பிள்' என்று சொல்லி வாங்கி உள்ளே வைத்துவிடுவது வழக்கம். கஸ்டம்ஸ்காரர்கள் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 'டாய்' என்று ஒட்டி அனுப்பியிருந்தார்கள். மாமா கையெழுத்துப் போட்டார். "பட்டன் சாம்பிள்ப்பா" என்று இவள் ஓடிவந்தாள். அவர் பெட்டியை நீட்டினார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் மெல்ல, "ஏம்மா சீதா, டாய்னா பொம்மைதானே?" என்று கேட்டார். "தெரியலையே மாமா" என்றேன். நான் பி.காம். படித்தவள்.

அந்த வாரமே அந்தத் தொடரின் கடைசிப் பகுதியும் வந்தது. கடையிலேயே உட்கார்ந்து பார்த்து, துணிக் கட்டுக்குள் முகத்தைப் புதைத்து அழுதுவிட்டாள். மாமா பார்த்துவிட்டார். அவருக்கு உடனே வேளச்சேரிதான் ஞாபகம் வந்திருக்கும். பக்கத்தில் வந்து, "என்னம்மா, அவிய யாரும் போன் பண்ணி ஏதும் சொன்னாவளா?" என்றார்.

"இல்லப்பா. ஒரு கதை. முடிஞ்சுபோச்சு."

"கதைக்கா அழுத? என்ன கதை?"

அவள் சொன்னாள். அப்பாவிடம் இதைப்பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. தலையைத் தூக்காமல், போலீஸ் ஸ்டேஷனில் விசாரணைக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். மாமா துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"அது என்ன கத்திரிம்மா? டெய்லர் கத்திரியா, நம்ம கத்திரியா?"

"நம்மளுது மாதிரி பெரிசுப்பா."

"கடைசியில அந்தப் புள்ளைக்கு நிழல் கிடைச்சுதா?"

"கிடைக்கலப்பா. நான் இப்படியே இருந்துக்கிடுதேன்னு சொல்லிருதா."

மாமா மடித்து வைத்த துணியையே மறுபடி பிரித்து மடித்தார். நான் எதிரே நூல்கண்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதே எனக்குக் கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும்.

ஆயுத பூஜை அன்று காலையில் ஸ்வர்ணம் பூ வாங்க மயிலாப்பூர் மாடவீதிக்குப் போய்விட்டாள். மாமா குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்து, "சீதா, ஸ்வர்ணத்தோட பீரோ சாவி எங்கம்மா இருக்கும்?" என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டிருக்கலாம். மாமனாரிடம் எதற்கு என்று கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவர் எதையோ துண்டில் சுற்றிக் குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு கடைக்குக் கிளம்பிப் போனார்.

நான் சுண்டலும் பொரியுமாகக் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பூஜைக்கு எல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. சாமி படத்துக்கு முன்னால் பெரிய தாம்பாளம். அதில் மாமாவின் கறுப்புக் கத்திரி, துணி அளக்கிற மீட்டர் கம்பி, என் வீட்டுக்காரர் சுரேஷ்குமாரின் ஸ்கூட்டர் சாவி. எல்லாவற்றுக்கும் பொட்டு. நடுவில் கத்திரிக்காரி. ஒரு சாண் உயரம் இருப்பாள். பால் மாதிரி வெள்ளை முகம். அந்த நெற்றி நிறையச் சந்தனம், அதன்மேல் தண்ணீரில் குழைத்த குங்குமம். அவள் கையிலிருந்த குட்டிக் கத்திரிக்கும் தனியாக ஒரு பொட்டு. காலடியில் மல்லிகை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சுண்டலை இறக்கி வைத்துவிட்டுக் கையைக் கூப்பினேன்.

"கையில கத்திரி வச்சிருக்காளேம்மா, அப்ப அவளும் நம்ம தொழில்தானே" என்றார் மாமா. "எல்லா ஆயுதத்துக்கும் பொட்டு வச்சுட்டு அவளை மட்டும் பூட்டி வச்சா நல்லாவா இருக்கும்? இத்தனை வருஷம் பூட்டச் சொன்னது நான்தானே."

கடையில் வியாபாரமும் நடந்துகொண்டிருந்தது. மயிலாப்பூரிலிருந்து வரும் மாமி ஒருத்தி தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன, ஆத்துல கொலுவுக்கு வாங்கினதா? ரொம்ப நன்னா இருக்கே!" என்றாள். "இல்லம்மா, எம் மகளுது. ஜப்பான்லேருந்து வரவழைச்சிருக்கா. இந்தப் புள்ள கிழிஞ்ச நிழலைத் தச்சுக் குடுக்குமாம்" என்றார் மாமா. மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினாள். வந்தவர் போனவர் எல்லாருக்கும் அவர் அதையே சொன்னார். நாலு பேர் முன்னால் 'எம் மகளுது' என்று அந்தப் பொம்மையைக் கைநீட்டிக் காட்டுகிற தனபாலனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதெல்லாம் ஸ்வர்ணத்துக்குத் தெரியாது. அவள் வெயிலில் வியர்த்து, பூக்கூடையோடு படியேறி வந்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். கூடை கையிலிருந்து நழுவியது.

"யாரு இதை எடுத்தது?"

"நான்தாம்மா. ஆயுத பூஜைல்லா..."

"ஐயோ! துடைச்சாப் போகாதுப்பா இது! பிளாஸ்டிக்ல சாயம் இறங்கிரும்! ஒரு வருஷமா நான் காத்துக் கிடந்து... நாசமாக்கிட்டீங்களே!"

மாமா பதறிப்போய் வேட்டி நுனியால் துடைக்கப் போனார். குழைத்த குங்குமம் கன்னம் வரைக்கும் இழுபட்டுப் பரவியது. ஸ்வர்ணம் கத்தினாள்.

"தொடாதீங்க! உங்க கை பட்டு எதுப்பா உருப்பட்டிருக்கு? என் கல்யாணம் உருப்பட்டுச்சா?"

கடை அப்படியே நின்றுவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக, சாமி படத்துக்கு முன்னால், பத்துப் பேர் பார்க்க. யாரைப் பார்த்து, எந்தக் கையைப் பார்த்துச் சொன்னாள்! பச்சைப் பட்டு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு கல்யாணப் பெண்ணின் அம்மா ஒருத்தி நின்றிருந்தாள். அவள் சத்தம் போடாமல் புடவையை மடித்துப் பைக்குள் வைத்து, "நாங்க அப்புறமா வரோம்" என்று இறங்கிப் போனாள். மாமா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். விரலெல்லாம் சிவப்பு. அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

ஸ்வர்ணம் பொம்மையைத் தூக்கிக்கொண்டு பின்னால் சரக்கு அறைக்குப் போய்விட்டாள். சோப்புத் தண்ணீர், தேங்காய் எண்ணெய் என்று என்னென்னவோ போட்டுத் தேய்த்தாள். சந்தனம் போனது, கன்னத்தில் இழுபட்டதும் போனது, நெற்றிச் சிவப்பு மட்டும் இளஞ்சிவப்பாக நின்றுவிட்டது. ஆத்திரத்தில் நகப் பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் நனைத்து ஒரு தேய் தேய்த்தாள். ஒரு பக்கத்துப் புருவமே காணாமல் போனது. மாமா வைத்தது ஒரு பொட்டுதான். முகத்தை உண்மையில் கெடுத்தது இவள். அழிந்த புருவத்தைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தபோது ஷகீலா உள்ளே வந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. உங்க நைனா காலைலேர்ந்து வர்றவங்ககிட்டல்லாம் அதைக் காட்டிக்கினே இருந்தாரு. எம் பொண்ணுது, எம் பொண்ணுதுன்னு. அந்த நிழலு கதைய என்கிட்டயே மூணு வாட்டி சொன்னாரு. அவருக்கு அதுல ஒரு வார்த்தை மாறல."

 நான் வாசலில் நின்று பார்த்தேன். ஷகீலா சொல்லச் சொல்ல ஸ்வர்ணத்தின் முகம் கறுத்துக்கொண்டே போனது. வேளச்சேரி வீட்டு ஹாலில் அத்தனை பேர் சிரித்தபோது தரைக்குள் போய்விடலாமா என்று இருந்ததாக முன்பு சொல்லியிருக்கிறாள். அன்றைக்குச் சரக்கு அறையில், "அது ஒண்ணுமே இல்ல மைனி, இதுதான் அசிங்கம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். இவள் பெற்றவரைக் குத்திவிட்டாள். சாவி எடுத்துக் கொடுத்தவள் என்ற முறையில் எனக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த கத்திரியை எடுத்து அன்று காலை முதல் துணியை மாமாதான் வெட்டுவார். கடை ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்கு அவர் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. "சுரேஷ், நீ எடுத்து வெட்டுப்பா" என்றார். என் வீட்டுக்காரர் அவரையும் கத்திரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எடுத்தார்.

ஸ்வர்ணம் அன்று காலையிலேயே காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்து, "ஸாரிப்பா" என்றிருக்கிறாள். அவருக்குக் கோபம் இருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "எதுக்கும்மா? நல்ல சாமான்ல தெரியாம கைய வச்சுட்டேன்" என்றாராம். அவள் அடுப்படிக்கு வந்து, சுவரைப் பார்த்து நின்று அழுதாள்.

அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க மாமா முகூர்த்தத் துணியைத் தொடவில்லை. தேடி வருகிறவர்களிடம், "கண்ணு சரியா தெரியலம்மா, மகன் வெட்டுவான்" என்பார். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. கிளிப்பச்சைக்கும் வாழையிலைப் பச்சைக்கும் வாசலில் இருந்தே வித்தியாசம் சொல்லுவார். சிலர் சரி என்று மகனிடம் வெட்டிக்கொண்டார்கள். சிலர் வேறு கடைக்குப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் ஸ்வர்ணம் கல்லாவில் குனிந்துகொள்வாள்.

அவள் பார்ப்பதையும் படிப்பதையும் விட்டுவிட்டாள். கத்திரிக்காரி கதையின் கடைசிப் புத்தகம் அடையாறு கடையில் வந்து காத்திருப்பதாகப் போன் வந்தது. போய் வாங்கி வந்தாள், உறையைப் பிரிக்கவில்லை. மத்தியானத்தில் போனைக் கையில் எடுப்பாள், எதுவும் போடாமல் கீழே வைத்துவிடுவாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏட்டி, இப்படியே எத்தனை நாளைக்கு? நேரா போயி அவர் கால்ல விழுந்துரு. தீந்துபோச்சு."

"விழுந்தா 'பரவால்லம்மா'ன்னு சொல்லிருவாரு மைனி. அப்புறமும் வெட்ட மாட்டாரு. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

நான் நூல்கண்டு அடுக்கப் போய்விட்டேன்.

இந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. மாமா கத்திரியைத் துடைத்து எண்ணெய் போட்டுத் தாம்பாளத்தில் வைத்தார். குங்குமக் கிண்ணத்தை மட்டும் மகன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். என் வீட்டுக்காரர் கத்திரிக்கு வைத்தார், மீட்டர் கம்பிக்கு வைத்தார், துணி அலமாரிகளுக்கும் ஷட்டருக்கும் வைத்தார். ஸ்வர்ணத்தின் மேசைக்கு வந்து கம்ப்யூட்டர் மேல் விரலை வைக்கப் போனபோது மாமா பதறிக் கையை நீட்டித் தடுத்தார்.

"அதுல வைக்காதப்பா. ஸ்வர்ணத்தோட சாமான். கெட்டுப்போயிரும்."

குத்திக் காட்டச் சொல்லவில்லை. அந்த மனுஷருக்குக் குத்திக் காட்டத் தெரியாது. நிஜமாகவே பயந்து சொன்னார். கடை முழுக்க, குப்பைக்கூடை வரைக்கும், பொட்டு இருந்தது. அந்த மேசை மட்டும் வெறுமையாக நின்றது. ஸ்வர்ணம் பூத் தொடுத்துக்கொண்டு நாலு அடி தள்ளித்தான் நின்றிருந்தாள். பூவை ஷகீலா கையில் கொடுத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி, கிடைத்த ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். "எங்க போறா இவ?" என்றார் என் வீட்டுக்காரர். "வருவா, பேசாம இருங்க" என்றேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்? 

அவள் திரும்பி வந்தபோது கையில் கத்திரிக்காரி இருந்தாள். பையும் இல்லை, துண்டும் இல்லை. அசோக் நகரிலிருந்து தி. நகர் வரைக்கும் சிக்னல் சிக்னலாக எல்லாரும் பார்க்க, ஒரு புருவம் இல்லாத பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நேராகக் கொண்டுபோய்த் தாம்பாளத்தில், மாமாவின் கத்திரிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். குங்குமக் கிண்ணத்தை எடுத்து மாமா முன்னால் நீட்டினாள்.

"அப்பா, பொட்டு வைங்க."

மாமா பின்வாங்கினார். "அண்ணன வைக்கச் சொல்லும்மா."

"அண்ணன் வேண்டாம். நீங்க வைங்க."

"துடைச்சாப் போகாதேம்மா."

"போக வேண்டாம்ப்பா. நான் அன்னைக்கு ஒரு பேச்சு பேசினேனே, அதுதான் போக மாட்டேங்குது. தினமும் இங்க உக்காந்து உங்க கையத்தான் பாத்துட்டிருக்கேன். வைங்கப்பா. உங்க கை படாதது எதுவும் எனக்கு வேண்டாம்."

கடையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. போன வருஷம் எத்தனை பேர் கேட்கக் கத்தினாளோ, அத்தனை பேராவது கேட்கட்டும் என்று நினைத்திருப்பாள் போல. மாமா மோதிரவிரலைக் குங்குமத்தில் தொட்டார்.  பழைய கறை இருந்த இடத்திலேயே வைக்கப் பார்த்து, கொஞ்சம் தள்ளி, அழிந்துபோன புருவத்தின் மேல் வைத்துவிட்டார். "ஐயையோ" என்று கையை இழுத்துக்கொண்டார். ஸ்வர்ணம் அவர் கையைப் பிடித்து, மிச்சமிருந்த குங்குமத்தைத் தன் நெற்றியில் இழுத்துக்கொண்டாள். மாமா அப்போதுதான் அழுதார். என் வீட்டுக்காரர் துணி எடுக்கிற சாக்கில் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷகீலா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பாத்துக்கினு நின்னா எப்டி, கஸ்டமரைப் பாருங்க" என்று மற்றவர்களை விரட்டினாள்.

விஜயதசமி காலையில் ஒரு பெண்வீட்டார் அரக்குச் சிவப்பில் முகூர்த்தப் புடவையோடு காத்திருந்தார்கள். மாமா ஸ்டூலில்தான் இருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஸ்வர்ணம் தாம்பாளத்திலிருந்த கத்திரியை எடுத்துக் கொண்டுவந்து, துணிக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். மாமா அதைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். எழுந்து வந்தார். கண்ணை மூடினார். நாங்கள் பேச்சை நிறுத்தினோம்.

ஒரு வருஷம் சும்மா இருந்த கை. வெட்டு நேராக வரவில்லை. முடிகிற இடத்தில் கொஞ்சம் இழுத்துக்கொண்டுவிட்டது. பெண்வீட்டார் கவனிக்கவில்லை. மாமா கவனித்துவிட்டார். துணியின் ஓரத்தை விரலால் தடவியபடி, மகளிடம் மட்டும் கேட்கிற மாதிரி, "கோணிருச்சேம்மா" என்றார்.

"தைக்கும்போது சரியாயிரும்ப்பா" என்றாள் ஸ்வர்ணம்.